பனி பிழியும் படம்

ராயகிரி,
ஞாயிறு காலை

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே அத்தை, ஆச்சி, நான் எல்லாரும் நலம். நீ தம்பியிடம் கொடுத்தனுப்பிய படக்கட்டு வியாழக்கிழமை வந்தது. பிரித்ததிலிருந்து மூன்று நாளாக வேறு வேலை ஓடவில்லை. திண்ணையில் வரிசையாகப் பரப்பி, காற்றில் பறக்காமல் புளியங்கொட்டைப் பையைத் தூக்கி வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஐரோப்பாவில் ரசவாதிகள் வரைய வைத்த படங்களில் இவ்வளவு விஷயம் இருக்கும் என்று நீ சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

முதலில் ஆச்சி செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அதற்காகத்தான் இந்தக் கடிதத்தை இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்.

அந்தக் கட்டில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் இருந்தது இல்லையா? 1677-ல் பிரான்சில் லா ரோஷேல் துறைமுகத்தில் அச்சான 'மூட்டுஸ் லிபெர்', அதாவது 'பேசாத புத்தகம்'. 15 படங்கள், விளக்கம் என்று எதுவுமே கிடையாது என்று பின்னால் பென்சிலால் குறித்திருந்தாய். அதில் நாலாவது படம். புல்வெளியில் வரிசையாகத் துணி விரித்திருக்கிறது. மேலே ஒரு பக்கம் சூரியன், ஒரு பக்கம் சந்திரன். ஒரு ஆட்டுக்கடா, ஒரு காளை. முன்னால் ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் துணியை முறுக்கிக் கீழே உள்ள தாம்பாளத்தில் தண்ணீரைப் பிழிகிறார்கள். நான் அதை வெகுநேரம் பார்த்தும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆச்சி கொல்லையிலிருந்து வந்தவள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் சொன்னாள்:

"இது கடலைப்புளிப்பு பிழியுதாங்கல்லா! இந்தப் படம் உங்கிட்ட எப்படிலே வந்துச்சு?"

எனக்கு உடம்பு ஒருமாதிரி ஆகிவிட்டது, தாயி. ஆச்சி பிறந்த ஊர் சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் காடு என்பது உனக்குத் தெரியும். மார்கழி, தை மாதங்களில் கொண்டைக்கடலைச் செடி பூத்துக் காய்க்கும். அந்த இலையின் நுண்ணிய ரோமங்களில் புளிப்பு கசியும். மாலிக் அமிலமும் ஆக்சாலிக் அமிலமும் கலந்தது. ராத்திரி செடிமேல் வெள்ளைத் துணியை விரித்துவிட்டால் பனியும் புளிப்பும் சேர்ந்து துணியில் ஊறும். பொழுது விடியுமுன் எடுத்துப் பிழிந்து கலயத்தில் பிடித்துக்கொள்வார்கள். வைத்தியர்களுக்கு அது அரிய சரக்கு. வயிற்று மருந்துக்கும் ஆகும். சில சரக்குகளை அரைக்கவும் ஆகும். கல்யாணமான புதிதில் வைத்தியரான உன் தாத்தாவுக்காக ஆச்சி தன் ஊரிலிருந்து அதைப் பிழிந்து கொண்டுவந்திருக்கிறாள். துணியின் ஒரு முனையில் அவள், மறு முனையில் தாத்தா. கை விறைத்துப் போகுமாம். அந்தத் துணியை மறுபடி கட்டவே முடியாது, புளிப்பு அரித்து நைந்துபோகும் என்றாள்.

ஐரோப்பியப் படத்தில் உள்ள ஆடும் காளையும் மேஷ, ரிஷப ராசிகள். நம் கணக்கில் சித்திரை, வைகாசி. அவர்கள் பிழிந்தது வசந்த காலப் பனி. நம்முடையது மார்கழிப் பனியில் கடலைச் செடியின் புளிப்பு. இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நூறு அறிஞர்கள் விளக்கம் எழுதியிருக்கக்கூடிய ஒரு படத்தை, எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சி ஒரே பார்வையில் வேலையாகப் படித்துவிட்டாள். அவளுக்கு அதில் மாயமந்திரம் எதுவும் தெரியவில்லை. யாரோ இருவர் குளிரில் கை வலிக்கத் துணி முறுக்குவது தெரிந்தது.

நீ எழுதியிருந்த கேள்விக்கு வருகிறேன். ரசவாதத்தைப் படமாக்கியது ஐரோப்பாதான், தமிழில் இருப்பது வெறும் மறைபொருள் பாட்டு, நமக்குப் படமே இல்லை என்று ஒருவர் வகுப்பில் சொன்னதாகவும், உனக்கு அது குத்தியதாகவும் எழுதியிருந்தாய். எனக்கும் குத்தியது. உணர்ச்சிவசப்பட்டு மறுத்து எழுதிவிடக் கூடாது என்றுதான் மூன்று நாள் பொறுத்தேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக் கொடுத்தவன். தாத்தா மருந்து அரைக்கும் கல்வத்துப் பக்கத்தில் வளர்ந்தவன். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

அந்தப் படங்களில் திரும்பத் திரும்ப வரும் நிறங்களைக் கவனித்தாயா? முதலில் கறுப்பு, காக்கை. அப்புறம் வெள்ளை, அன்னம் அல்லது வெள்ளை உடுத்திய ராணி. கடைசியில் சிவப்பு, செவ்வாடை ராஜா. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும், 1582-ல் எழுதிய 'ஸ்ப்ளெண்டர் சோலிஸ்' ஏட்டின் 22 படங்களிலும் இந்த நிறங்கள்தான் கதையை நடத்துகின்றன. இதை மனித மனத்தின் படிநிலை என்று விளக்குகிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். எனக்கு அந்தக் கறுப்பும் சிவப்பும் கல்வத்தில் தெரிந்தவை.

தாத்தா ரசச் செந்தூரம் செய்வார். பாதரசத்தைச் செங்கல்தூளும் மஞ்சள்தூளும் போட்டு அரைத்துச் சுத்தி செய்வார். கந்தகத்தை நெய்யில் உருக்கிப் பசும்பாலில் ஊற்றுவார். உறைந்ததை எடுத்து மறுபடி நெய், மறுபடி பால். இரண்டையும் கல்வத்தில் சேர்த்து அரைக்க ஆரம்பித்தால், வெள்ளியாய் ஓடிக்கொண்டிருந்த ரசமும் மஞ்சள் கந்தகமும் கொஞ்சம் கொஞ்சமாய்ச் செத்து, நாள் முழுக்க அரைத்த பிறகு கண் மை மாதிரி கறுப்பாகிவிடும். அதில் ஒரு பளபளப்பும் இருக்காது. 'ரசம் செத்துட்டு' என்பார் தாத்தா. அந்தக் கறுப்பைக் குப்பியில் போட்டு, குப்பிக்கு ஏழு சீலைமண் சுற்றிக் காயவைத்து, மணல் நிரப்பிய சட்டிக்குள் கழுத்துவரை புதைத்து அடுப்பேற்றுவார். இதற்கு வாலுகாயந்திரம் என்று பெயர். முதலில் தீபாக்கினி, விளக்குச் சுடர் அளவு தீ. பிறகு கமலாக்கினி, தாமரைப்பூ அளவு. கடைசியில் காடாக்கினி, காடு பற்றினாற்போல. ஆறவைத்துக் குப்பியை உடைத்தால் கழுத்தில் செக்கச்செவேல் என்று படிந்திருக்கும். கறுப்பாய்ப் போட்டது சிவப்பாய் ஏறியிருக்கும்! எட்டு வயதில் அதை முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் வேதியியல் படித்ததே அதனால்தான்.

கறுப்பும் சிவப்பும் ஒரே பொருள்தான், தாயி. இரண்டும் பாதரச சல்பைடு. அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் மாறும்போது நிறம் மாறுகிறது. ஐரோப்பியப் படத்தில் காக்கையாக இருந்து ராஜாவாக எழுந்திருப்பவனை இதைக் கண்ணால் கண்ட எவனோ ஒருவன்தான் வரைந்திருக்க முடியும்.

உன் தொழிலுக்கும் இதில் பங்கு உண்டு. அந்தச் சிவப்புப் பொருள்தான் ஓவியர்களின் செந்நிறம். நம் நாட்டு மருந்துக் கடையில் சாதிலிங்கம் என்று கேட்டால் கொடுப்பது. இத்தாலியில் 1400-ஐ ஒட்டி ஓவியத் தொழிலைப் பற்றி எழுதிய சென்னினோ சென்னினி, இந்தச் செந்நிறம் ரசவாதத்தால் செய்யப்படுவது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். அதோடு ஓர் எச்சரிக்கையும் கொடுக்கிறார்: பொடியாக வாங்காதே, கட்டியாகவே வாங்கு, பொடியில் ஈயச்சிவப்பையோ செங்கல்தூளையோ கலந்துவிடுவார்கள். உன் தாத்தா தென்காசிக் கடையில் இதே வார்த்தையைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். "பொடி வேண்டாம், கட்டி லிங்கமா குடுங்க." அறுநூறு வருஷ இடைவெளியில் ஓர் ஓவியனும் ஒரு வைத்தியனும் ஒரே ஏமாற்றுக்கு அஞ்சியிருக்கிறார்கள்.

நீ அனுப்பியதில் என்னை மிகவும் இழுத்த இன்னொன்று 'அடலாண்டா ஃப்யூஜியன்ஸ்'. மிஷாயேல் மையர் எழுதி, டி பிரி பதிப்பகத்தார் 1617-ல் ஓப்பன்ஹைமில் போட்ட புத்தகம். மத்தேயுஸ் மேரியன் செம்புத் தகட்டில் செதுக்கிய 50 படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு, மூன்று குரலில் பாட இசைக் குறிப்பு. பார்க்கவும் படிக்கவும் பாடவும் ஒரே புத்தகம். அதில் மூன்றாவது படத்தில் ஒரு பெண் துணி வெளுக்கிறாள். ரசவாதம் கற்க வேண்டுமா, இவளிடம் போய் இவள் செய்வதைச் செய் என்பது அதன் பொருள். இருபத்திரண்டாவது படத்தில் ஒரு பெண் அடுப்படியில் நிற்கிறாள். பெண்கள் செய்யும் வேலையைச் செய், அதாவது சமை என்கிறது. 'ஸ்ப்ளெண்டர் சோலிஸ்' ஏட்டிலும் கடைசிக்கு முந்திய படம் பெண்கள் துணி துவைப்பதுதான். இத்தனை ராஜா ராணிக்கும் சிங்கத்துக்கும் நடுவில் வெளுப்பும் சமையலும் எதற்கு வந்தன?

நம் பக்கத்தில் இதைக் கேட்க வேண்டியதே இல்லை. சித்தர் மருத்துவத்தின் பெரிய ரகசியம் முப்பு. அதன் மூலப்பொருளாகப் பலர் சொல்வது பூநீறு. உவர் நிலத்தில் மண் பூத்து வெள்ளையாய் மேலே எழும் உப்பு. சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி, வெயில் ஏறுமுன் வழித்தெடுக்க வேண்டும். அந்த உவர்மண்ணைத்தான் தலைமுறை தலைமுறையாக வெளுக்கிறவர்கள் வெள்ளாவிக்குப் பயன்படுத்தினார்கள். எந்த மண் எப்போது பூக்கும் என்பதை வைத்தியருக்குக் காட்டிக்கொடுத்தவர்கள் அவர்களே. வெள்ளாவியும் புடமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பாலும் நெய்யும் மஞ்சளும் எலுமிச்சையும் எங்கிருந்து வந்தன? லிங்கத்துக்கு எலுமிச்சைச் சாறும் பசும்பாலும் குப்பைமேனிச் சாறும் சேர்த்துச் சுருக்குக் கொடுப்பார் தாத்தா. புளியங்குடி எலுமிச்சையைப் பிழிந்து கொடுத்தது ஆச்சி. பால் கறந்தது ஆச்சி. குப்பைமேனி பறித்து இடித்தது ஆச்சி. பெயர் மட்டும் வைத்தியருக்குப் போனது. மையர் அதை ஒப்புக்கொண்டு படமே போட்டுவிட்டார். நம் ஏடுகளில் ஆச்சிக்கு ஒரு வரி கிடையாது. இந்த ஒன்றில் அவர்கள் நம்மைவிட நேர்மையாக இருந்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

இப்போது, நமக்குப் படம் இல்லையா என்ற கேள்வி.

ஓலையை நினைத்துப் பார். மூன்று நான்கு விரற்கடை அகலம். எழுத்தாணியால் கீற வேண்டும், பிறகு மை தடவித் துடைக்க வேண்டும். ஒடிசாவில் ஓலையிலேயே அற்புதமாகப் படம் கீறினார்கள் என்பது உண்மைதான். நம் வைத்தியர்கள் ஓலையில் கீறியது பெரும்பாலும் பாட்டும் சக்கரமும்தான். ஆனால் அவர்களுடைய சொற்களைப் பார். மருந்தைப் புடம் போட எத்தனை வறட்டி அடுக்க வேண்டும் என்பதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? ஒரு வறட்டி என்றால் காடைப்புடம். மூன்று என்றால் கவுதாரிப்புடம். பத்து, குக்குடப்புடம், சேவல். ஐம்பது, வராகப்புடம், பன்றி. ஆயிரம் என்றால் கசப்புடம், யானை! "இன்னைக்கு யானை ஏத்தணும்" என்று தாத்தா சொன்னால் வீடே பரபரக்கும். காடையிலிருந்து யானை வரை வரிசையாகத் தீ வளர்வதை நினைத்துப் பார். அது படம் இல்லாமல் என்ன? ஐரோப்பாவில் பெலிக்கன் என்று ஒரு கண்ணாடிக் கலம் வைத்திருந்தார்கள். கழுத்திலிருந்து இரண்டு குழாய் வளைந்து வயிற்றுக்கே திரும்பும், தன் நெஞ்சைத் தானே கொத்தும் பறவை மாதிரி. அவர்கள் அந்தப் பறவையைத் தாளில் வரைந்தார்கள். நம்மவர்கள் யானையை நாக்கில் வைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். ரசத்தைச் சிவனுடைய விந்து என்றும் கந்தகத்தைச் சக்தியின் நாதம் என்றும் ஏடுகள் பேசும். இரண்டும் கூடித்தான் மருந்து. 'ஸ்ப்ளெண்டர் சோலிஸ்' ஒன்பதாவது படத்தில் ஒரே உடம்பில் ஆண் தலை ஒன்று, பெண் தலை ஒன்று, ஒரு சிறகு சிவப்பு, ஒரு சிறகு வெள்ளை, கையில் ஒரு முட்டை. இதைப் பார்த்து நீ வியந்து எழுதியிருந்தாய். நம் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாசுதேவநல்லூரில் சிந்தாமணிநாதர் கோயில் இருக்கிறது, மூலவரே அர்த்தநாரீசுவரர். சின்ன வயதில் உன்னைத் தோளில் வைத்துக் கூட்டிப்போயிருக்கிறேன். அந்த ஐரோப்பிய ஓவியனுக்கு இரண்டையும் ஒட்டவைக்க முடியவில்லை, இரண்டு தலை வைத்துவிட்டான். நம் சிற்பிக்கு ஒரே முகம் போதுமாக இருந்தது. நெற்றி நடுவில் கோடு எங்கே விழுகிறது என்று தெரியாதபடி செய்துவிட்டான். அது ரசவாதச் சிலை என்று நான் சொல்ல வரவில்லை, அப்படிச் சொல்வது பொய். ஆனால் ரசமும் கந்தகமும் கூடுவதை மனசில் பார்க்க விரும்பிய வைத்தியருக்குத் தனியாகப் படம் எழுதவேண்டிய அவசியம் இல்லை. கோயிலுக்குப் போனால் போதும். சங்கரன்கோவிலில் சங்கன், பதுமன் என்று இரண்டு நாகங்கள், ஒன்று சிவனுக்கு, ஒன்று திருமாலுக்கு வாதாடி, கடைசியில் பாதிப்பாதியாய் நிற்கும் சங்கரநாராயணரைக் கண்டன. ஐரோப்பியப் படங்களில் சிறகுள்ள பாம்பும் சிறகில்லாத பாம்பும் கட்டிப் புரளும்; பறந்துபோகும் சரக்கும் அசையாத சரக்கும் என்று பொருள். படத்தின் வேர் வேறு வேறு. கண் பழகிய விதம் ஒன்று.

குப்பிக்குள் மயில் நிற்கும் படத்தை அத்தை தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டாள். கிரீடம் சூட்டிய குப்பி, அது நிற்கும் மாடம், கோயில் கோஷ்டத்தில் சாமி நிற்பது போலவே இருக்கிறது என்றாள். நிறங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மின்னி மறையும் கட்டத்துக்கு அவர்கள் வைத்த அடையாளம் மயில். ஒன்பது பாடாணங்களைக் கட்டிப் பழனி முருகனை வார்த்தவர் போகர் என்பது நம்மிடம் வழிவழியாக வரும் நம்பிக்கை. அத்தைக்கு அந்த மயிலைப் பார்த்ததும் பழனி நினைவு வந்ததில் ஆச்சரியம் இல்லை.

டியூரரின் 'மெலன்கோலியா'வில் உள்ள எண் சதுரத்தையும் கூட்டிப் பார்த்தேன். எந்தப் பக்கம் கூட்டினாலும் 34. கீழ்வரிசை நடுவில் 15, 14 என்று படம் செய்த ஆண்டையே வைத்திருக்கிறார். நம் வீட்டு நிலைப்படிக்கு மேலே இருக்கும் செப்புத் தகட்டில் ஒன்பது கட்டம், கூட்டினால் 15. சூரியனுடைய எந்திரம் அது. ஏணி போட்டு இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன்.

இனி எழுதப்போவது சுலபமானது இல்லை. ஆனாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பீட்டர் புரூகல் 1558-ல் வரைந்து, பிலிப்ஸ் கால்லே தகட்டில் வெட்டிய ரசவாதியின் படத்தை நான் கடைசியாகத்தான் எடுத்தேன். ஒரு வீடு. கிழிந்த உடையோடு ஒருவன் கடைசிக் காசையும் மூசையில் போடுகிறான். மனைவி காலிப் பணப்பையைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டுகிறாள். பிள்ளைகள் காலி அலமாரிக்குள் ஏறி விளையாடுகின்றன. ஒன்று தலையில் பானையைக் கவிழ்த்திருக்கிறது. படித்தவன் ஒருவன் புத்தகத்தைச் சுட்டிக்காட்டுகிறான். அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கும் சொல்லை அவர்கள் மொழியில் பிரித்துப் படித்தால் எல்லாம் போச்சு என்று வருமாம். ஜன்னல் வழியே பார்த்தால் அதே குடும்பம் ஏழைகள் விடுதி வாசலில் நிற்கிறது, அப்போதும் ஒரு பிள்ளையின் தலையில் அந்தப் பானை.

அந்தப் படத்தைப் பார்த்ததும் எழுந்து வயல் பக்கம் போய்விட்டேன். தாத்தாவுடைய அண்ணனைப் பற்றி உன் அம்மா உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். அக்காவுக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. அவர் வைத்தியம் வேண்டாம் என்று ரசவாதத்தில் இறங்கியவர். செம்பைப் பொன்னாக்கும் குரு கிடைத்துவிட்டது என்று யாரோ ஒரு சாமியார் சொன்னதை நம்பி, குளத்துக்குக் கீழே இருந்த ஒன்றரை ஏக்கர் நஞ்சையை விற்றார். பெரிய ஆச்சியின் தாலிக்கொடியும் போனது. உருக்கினதில் பொன் வரவில்லை, பொன் கரைந்தது. மூடிய அறைக்குள் ராத்திரி பகலாக ரசத்தைச் சூடாக்கி ஆவியைக் குடித்திருக்கிறார். கடைசிக் காலத்தில் அவர் கை நடுங்கி, காப்பித் தம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க முடியாது. ஈறு வீங்கிப் பல் ஆடியது. ஊரில் பேய் பிடித்தது என்றார்கள். பாதரச நஞ்சு அது என்று எனக்குக் கல்லூரி போன பிறகுதான் தெரிந்தது. அப்போது அவர் இல்லை.

வாதி கெட்டு வைத்தியன் என்று ஒரு பழமொழி உண்டு. நம் வீட்டில் அண்ணன் வாதியாகவே கெட்டார். தம்பி அதைப் பார்த்து வைத்தியன் ஆனார். தங்கத்தைத் தேடுவதை விட்டுவிட்டு மருந்து செய்வதற்காகவே ரசவாதம் என்று ஐரோப்பாவில் பாரசெல்சஸ் பதினாறாம் நூற்றாண்டில் வாதாடியதும் இதே திருப்பம்தான். குபேரன் மாதிரிப் பொன் வைத்திருப்பவர்கள்கூட ரசவாதத்துக்கு அலைகிறார்களே என்று தாயுமானவரும் வருந்தியிருக்கிறார். ஒவ்வொரு வருஷமும் தனிம அட்டவணையைக் கரும்பலகையில் எழுதும்போது தங்கம் 79, பாதரசம் 80 என்று பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் எழுதுவேன். ஒரே ஒரு புரோட்டான். அந்த இடத்தில் என் கை ஒரு கணம் நிற்கும். பெரிய தாத்தா வாசல்வரை வந்து நின்றார், கதவு மட்டும் எந்த அடுப்பாலும் திறக்கக்கூடியது இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லத் தோன்றும். சொன்னதில்லை.

அதனால் ஒன்று கண்டிப்பாய்ச் சொல்கிறேன். படத்துக்காக, நிறத்துக்காக என்று நீ ரசத்தையோ லிங்கத்தையோ சூடுபடுத்திப் பார்க்கக் கூடாது. செந்நிறம் வேண்டுமென்றால் குழாயில் வருவதை வாங்கிக்கொள். இதில் மாமாவுக்கு நீ வாக்குக் கொடுக்க வேண்டும்.

அதற்குப் பதிலாகத் திருப்புவனத்துப் பொன்னனையாள் கதையை நினைத்துக்கொள். சிவபெருமானின் திருவுருவத்தைப் பொன்னில் வார்க்க ஆசைப்பட்டு வழியில்லாமல் இருந்தவளிடம் அந்தச் சிவனே சித்தராக வந்து, வீட்டிலிருந்த பித்தளை, செம்புப் பாத்திரங்களைத் தீயில் போடச் சொல்லிப் பொன்னாக்கிக் கொடுத்தார். அவள் அந்தப் பொன்னில் உருவம் வார்த்து, அழகு தாங்காமல் கன்னத்தைக் கிள்ளினாள். நம்மிடம் உள்ள ரசவாதக் கதைகளில் பொன்னைச் சேமித்து வைக்காத கதை இது. சமையல் பாத்திரத்தில் தொடங்கிச் சிற்பத்தில் முடிகிறது. யாராவது இதை முழுதாக வரைய வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. பாத்திரங்களை வரிசையாகப் போடு. குடம், சருவம், கும்பா, அகப்பை, ஒன்று விடாமல். மேரியன் ஓர் அடுப்படியை எவ்வளவு பொறுமையாகச் செதுக்கியிருக்கிறார் என்று பார்த்தாய் அல்லவா, அந்தப் பொறுமை இதற்கும் வேண்டும்.

ஆனி, ஆடியில் சாரல் விழும்போது வா. குற்றாலத்தில் குளித்துவிட்டுச் சித்திரசபைக்குப் போவோம். நடராசருக்கு ஐந்து சபை: சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம். ஐந்தாவதான குற்றாலத்தில் உலோகமும் இல்லை, மணியும் இல்லை. சுவரில் எழுதிய சித்திரம்தான் சாமி. தாமிரத்திலிருந்து வெள்ளி, வெள்ளியிலிருந்து பொன் என்று ஏறுவதுதானே வாதிகளின் கனவு. பொன்னம்பலத்துக்குச் சமமாக ஒரு சித்திர அம்பலத்தையும் வைத்தவர்கள் நம் முன்னோர். வகுப்பில் அந்தப் பேச்சு மறுபடி வந்தால் இதைச் சொல். காயசித்தி மருந்து விளைவிக்கச் சித்தர்கள் வந்துபோகும் மலை என்று மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சியில் சொன்னதும் இந்த மலையைத்தான்.

தாத்தாவின் கல்வத்தைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன். அது உனக்குத்தான். நிறம் அரைக்க ஆகும். ஆனால் நன்றாகச் சோதித்துப் பார்த்த பிறகுதான் கொடுப்பேன், பழைய சரக்கு ஒட்டியிருக்கக் கூடாது.

அந்தப் பனி பிழியும் படம் இப்போது என்னிடம் இல்லை. ஆச்சி வாங்கிப்போய்த் தன் கட்டிலுக்கு மேல் காலண்டர் ஆணியில் மாட்டிவிட்டாள். நேற்று ராத்திரி விளக்கை அணைக்கப் போனபோது சொன்னாள், "அந்தப் பொம்பள துணிய நெஞ்சோட அணைச்சுப் புடிக்கணும், இப்படிக் கைய நீட்டிப் புடிச்சா பாதித் தண்ணி மண்ணுக்குப் போயிரும். அவ புருசனாவது சொல்லக் கூடாதா?" கண் சரியாகத் தெரியவில்லையாம், அதே படம் இன்னும் பெரிய அளவில் ஒன்று வேண்டுமாம். வரும்போது மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
மாமா